தோணிரேவு கங்கையம்மன் திருவிழாவும் நான் தப்பாகச் சொன்ன பேச்சும்

போன ஆடியில் தோணிரேவு கங்கையம்மன் திருவிழாவுக்குப் போய் வந்தேன். வருகிற ஆடிக்குப் போக நம் தெருவில் ஐந்தாறு பேர் கிளம்புவதாகத் தெரிகிறது. ஆளாளுக்கு வந்து வழியும் செலவும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிவிட்டேன், கைமாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். வழியையும் செலவையும் மட்டும் எழுதி நிறுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால் அது பாதிப் பொய்.

நான் போனது முதலாளி வேலையாக. நம் துணிக் கிடங்குக்குக் கட்டம் போட்ட துணியில் நாலு மாதிரி வாங்கிவரச் சொல்லிப் பழவேற்காட்டு வியாபாரி காதர் மரைக்காயரிடம் அனுப்பினார். ஆடி மாதம் என்பதால், திருவிழா பார்த்து அம்மன் குங்குமமும் கொண்டு வரும்படி என் மனைவி சொல்லியிருந்தாள்.

சென்னப்பட்டணத்திலிருந்து பொன்னேரி இரண்டு காதம். விடியுமுன் மாட்டுவண்டி ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். வண்டிக்கு இரண்டு பணம். மூன்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பொன்னேரிச் சத்திரத்தில் தங்கலாம், சோறு நன்றாக இருக்கும், மோர் தண்ணீர்தான். மறுநாள் அங்கிருந்து பழவேற்காடு ஒரு காதத்துக்குக் கொஞ்சம் கூட. வழியெல்லாம் உப்பு மண். நடந்தால் பன்னிரண்டு நாழிகை ஆகும். குடிக்கத் தண்ணீர் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை ஏரியை ஒட்டியே இருக்கிறது. கோட்டைத் துறையில் இறால் விற்று முடித்து எல்லப்பன் என்பவர் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தோணிரேவு அதே ஏரிக்கரையில் இருக்கும் மீனவர் ஊர், அவர் அந்த ஊர்க்காரர். ஆறு காசுக்கு என்னை ஏற்றிக்கொண்டார்.

"பட்டணத்துல இன்னா வேல அய்யாவுக்கு?" என்று கேட்டார்.

கிடங்கில் துணி எண்ணி மடிக்கிற வேலை என்று சொல்லியிருந்தால் போதும். நானோ, "பறங்கிகளோடுதான் பேச்சுவார்த்தை எல்லாம்" என்றேன். எனக்குத் தெரிந்தது போர்த்துக்கீசியப் பறங்கிகள் பேசும் பாஷையில் முப்பது வார்த்தைகள், அதில் பாதி எண்கள். எல்லப்பன் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லதா போச்சு. கோட்டைக்காரங்க ஒல்லாந்தரா இருந்தாலும் நம்மகிட்ட அந்தப் பாஷதான் பேசுறாங்கோ. நம்மள்ல ஒருத்தருக்கும் புரியாது" என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் வீட்டிலேயே தங்கினேன். அவர் மனைவி மங்கம்மா அந்த வருடம் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள். தை மாதம் கடலுக்குப் போன எல்லப்பன் காற்றில் மாட்டி ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் உயிரோடு கரை ஒதுங்கினார். சட்டியைத் தோணிரேவிலிருந்து ஏந்திப் போய், கோட்டைத் துறையில் தோணி ஏறி, முகத்துவாரத்தில் கடலம்மாவிடம் விட்டுவிடுவதாக வேண்டுதல். அதற்காக நாற்பது நாள் ஒரு வேளைச் சாப்பாடு.

திருவிழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கூழ் வார்த்தல். பிறகு பம்பை முழங்க, வேப்பிலையும் அரளியும் சுற்றிய கரகத்தைப் பூசாரி தலையில் வைத்து ஒரு கையும் பிடிக்காமல் ஆடுகிறார். அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லா வாசலிலும் நிறுத்துகிறார்கள். பெண்கள் மஞ்சள் நீரைத் தெருவே நனையும்படி ஊற்றுகிறார்கள். சாயங்காலம், சூரியன் மறைய நாலு நாழிகை இருக்கும்போது, ஏரிக்கரை வழியாக ஊர்வலம் கோட்டைப் பக்கம் கிளம்பியது. முன்னால் அம்மன், பின்னால் தீச்சட்டியோடு பதினோரு பெண்கள். முதல் ஆள் மங்கம்மா. வெறும் கையில் எரிகிற சட்டி. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

கோட்டைக்கு நூறு அடி முன்னால் ஒரு காவல் சிப்பாய் ஓடி வந்து கையை விரித்து மறித்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லப்பன் என் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவன் வேகமாகப் பேசினான். எனக்குப் புரிந்தவை இரண்டே சொல். ஒன்று 'இல்லை'. இன்னொன்று 'ஃபோகு'. அது நெருப்பு. ஆனால் நம் பட்டணத்தில் பறங்கிச் சிப்பாய்கள் சுட்டுப் பழகும்போது ஒருவன் அதே சொல்லைக் கத்துவான், உடனே எல்லோரும் சுடுவார்கள். எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இன்னொரு முறை மெதுவாகச் சொல் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

"இதுக்கு மேல வந்தா சுட்டுடுவானாம். திரும்பிடுங்க" என்றேன்.

பம்பை நின்றது. சிப்பாய் ஏரியைக் காட்டிக் காட்டி ஏதோ கத்தினான். அது மிரட்டல் என்றும் நானே சொன்னேன். அம்மனைத் திருப்பினார்கள். மங்கம்மா மட்டும் நகரவில்லை. எல்லப்பன் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். கோயிலுக்கு வருவதற்குள் சட்டியில் நெருப்பு அவிந்துவிட்டது.

கோயில் வாசலில் ஊர் நாட்டார், அந்த ஊருக்குத் தலைவர், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எத்தினியோ வருசமா அந்த வழியாத்தான் ஆத்தா போறா. இந்த வருசம் திரும்புறான்னா, முதல் சட்டில கொற இருக்குது."

மங்கம்மா அவிந்த சட்டியோடு வீட்டுக்கு நடந்தாள். எனக்குப் புரிந்தது இரண்டே சொல் என்பதை நான் அப்போதும் மறைத்தேன்.

மறுநாள் காலை காதர் மரைக்காயரிடம் போனேன். மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டே அவர் கேட்டார். "நேத்து ஊர்வலம் ஏன் திரும்பிப் போச்சு? காவக்காரன் என்கிட்ட வந்து கேட்டான், பாவம். வெடிமருந்துக் கிடங்க இந்த வருஷம் கரைப் பக்கமா மாத்திட்டாங்க. நெருப்பு மட்டும் இந்தப் பக்கம் வேணாம், ஏரித் தண்ணில எறங்கிச் சுத்திப் போங்கன்னுதான் சொன்னேன், பயந்து ஓடிட்டாங்களேங்கறான்."

"அப்படியா" என்று மட்டும் சொன்னேன். துணிகளை மூட்டை கட்டினேன். தோணிரேவுக்கு அல்ல, பொன்னேரி வழியில் நடந்தேன். ஐந்து நாழிகை நடந்தேன். எதிரே கூடைகளோடு வந்த தோணிரேவுப் பெண்கள் இருவர் என்னை அடையாளம் கண்டு நின்றார்கள். "மங்கம்மா நேத்துலருந்து பச்சத் தண்ணி குடிக்கல அய்யா. நாட்டார் சொன்னதே சொல்லினு கெடக்குது" என்றாள் ஒருத்தி. என்னிடம் குறை சொல்லவில்லை. நான் அவர்களுக்கு உதவிய ஆள் என்றே இன்னும் நினைத்திருந்தார்கள். திரும்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாட்டார் இருந்தார், எல்லப்பன் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பறங்கி பாஷை தெரியாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். எல்லப்பன் என் பக்கம் ஒரு எட்டு வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி வீட்டுக்கு ஓடினார்.

மங்கம்மா வந்தாள். உதடு வெடித்திருந்தது. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தெரிஞ்சவங்கள இட்டாந்திருப்போமே" என்றாள். அவ்வளவுதான். பிறகு நாட்டாரிடம் திரும்பி, "சட்டிய மறுபடி மூட்டணும்" என்றாள். நாட்டார் தலையைக் குனிந்துகொண்டு பூசாரிக்கு ஆள் அனுப்பினார்.

அன்று சாயங்காலமே போனார்கள். அம்மன் கரை வழியாகப் போக, பதினோரு பெண்களும் ஏரியில் இறங்கினார்கள். அந்த இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது. சட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கிடங்கை விட்டு வெகு தூரம் தள்ளிச் சுற்றினார்கள். காவல்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் கரையில் கடைசியாக நடந்தேன். முகத்துவாரத்துக்குப் போன தோணிகளில் எனக்கு இடம் இல்லை, நானும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தோணிரேவில் தங்குவதற்குக் காசு வாங்க மாட்டார்கள், அரிசியோ வெல்லமோ கொண்டு போங்கள். கரையில் நண்டு ஓடு கிடக்கும், செருப்பு வேண்டும். ஊர்வலத்தோடு போகிறவர்கள் ஏரியில் இறங்க வேண்டியிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். கோட்டைக்காரர்களிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் காதர் மரைக்காயரைக் கூட்டிப் போங்கள், அவர் மறுக்க மாட்டார். தெரியாத பாஷையைத் தெரியும் என்று சொல்லாதீர்கள்.

என்னையும் கூப்பிடுகிறீர்கள். நான் வரவில்லை. அங்கே என் பெயரைச் சொல்லி யார் வீட்டிலும் இடம் கேட்காதீர்கள். மங்கம்மா இந்த வருடமும் தீச்சட்டி வரிசையில் நிற்கிறாளா, அந்தக் குறைப் பேச்சு ஓய்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள்.