லூர்தம்மாள் அடித்த பெட்டி

சுங்குவார்சத்திரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், மாதா கோயில் தெருவில் குடியிருந்த லூர்தம்மாளுக்குப் பாட்டு என்றால் உயிர் என்று சொல்ல முடியாது. கோயிலில் எல்லாரும் பாடும்போது அவளும் வாயசைப்பாள், அவ்வளவுதான். அவளுக்குப் பிடித்தது மரம். மெஷின் சாமான்களை வெளியூருக்கு அனுப்பக் கட்டைப்பெட்டி அடித்துத் தருகிற ஷெட் ஒன்று திருப்பெரும்புதூர் ரோட்டில் இருந்தது. அங்கே வேலை. பெண்களைச் சிராய் கூட்டவும் ஆணி பொறுக்கவும்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஆள் வரவில்லை, லாரி வந்து நிற்கிறது. லூர்தம்மாள் சுத்தியலை எடுத்து நாலு பெட்டியை அடித்து முடித்தாள். அதற்கப்புறம் அவளிடம் யாரும் துடைப்பத்தைக் கொடுக்கவில்லை.

அவள் புருஷன் யாக்கோபுவோ பாட்டுக்கென்றே பிறந்த ஆள். பகலில் ரைஸ் மில்லில் மோட்டார் பார்த்துக்கொள்வான். முகூர்த்த நாள், திருவிழா என்றால் பலராமனின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு பெரம்பூர் ரயில்வேக்காரர் போகிற அவசரத்தில் விற்றுவிட்டுப் போன கிட்டார் அது. மற்ற கிட்டாருக்கு ஆறு கம்பி என்றால் இதற்கு நாலே கம்பி, ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி தடிமன். மேடையில் பாடுகிறவரைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். யாக்கோபு ஓரமாக நின்று, பாட்டுக்கு அடியில் தும்தும்மென்று நடந்துகொண்டே இருப்பான். அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

ஆனால் அந்தச் சத்தம் வெளியே வர ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். காஞ்சிபுரத்து ஆசாரி ஒருவர் தேக்குப் பலகையில் செய்து கொடுத்த பெட்டி, பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் பஸ்ஸில்தான் போவார்கள். பெட்டியை ஒருத்தர் பஸ் கூரைமேல் இருந்து இழுக்க, ஒருத்தர் ஏணியில் நின்று தோள்கொடுத்து ஏற்ற வேண்டும். எழுபத்தெட்டாம் வருஷம் வாலாஜாபாத்தில் ஒரு கச்சேரிக்குப் போகும்போது, அப்படித் தோள்கொடுத்த யாக்கோபுவின் இடுப்பில் 'களுக்'கென்று ஏதோ பிடித்தது. ஏணியிலிருந்து அவனைக் கைத்தாங்கலாகத்தான் இறக்கினார்கள்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நடக்கலாம், வேலைக்குப் போகலாம், ஆனால் இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பலராமன் ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து பார்த்தார். நல்ல மனுஷன், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் ரொம்ப நேரம் மின்விசிறியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரகடத்துல ஒர்த்தர் வாசிக்கிறாருன்னு கேள்வி யாக்கோபு. நீ தேறி வர்ற வரைக்கும் அவரை வெச்சி ஓட்டிக்கிறேன். இன்னா சொல்ற?" என்றார்.

"அதுக்கென்னண்ணா, பாருங்க," என்றான் யாக்கோபு.

அவர் போனதும் கிட்டாரைத் துடைத்து, உறைக்குள் போட்டு, பரண்மேல் வைக்கச் சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சாப்பிடுவான், எழுந்துபோவான். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் இப்படி ஆனதை லூர்தம்மாளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன். உனுக்கு வாசிக்க முடியலியா, தூக்க முடியலியா?"

"தூக்கத்தான் முடியல."

"அப்ப பொட்டிக்குத்தான்யா சீக்கு. உனுக்கு இன்னா கீது?"

யாக்கோபு சிரித்துவிட்டான். ஆனாலும் விஷயம் தெரிந்தவன் மாதிரி விளக்கினான். பேஸ் சத்தம் கனமான சத்தம். கனமான பலகைதான் அதைத் தாங்கும். ஒல்லிப் பெட்டி அடித்தால் தகர டப்பா மாதிரி கத்தும்.  அடுத்த நாள் ஷெட்டிலிருந்து வரும்போது லூர்தம்மாள், சத்திரத்து டீக்கடையில் சொல்லிவைத்துக் காலித் தேயிலைப் பெட்டிகள் ரெண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். தேயிலை வருகிற ப்ளைவுட் மெல்லிசு. ஆனால் அஸ்ஸாமிலிருந்து அடிபட்டு மிதிபட்டு வந்தும் உடையாத ப்ளைவுட். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கிழித்தெடுத்து, தகரப் பட்டைகளைக் கழற்றி, பலகைகளை வெய்யிலில் காயவைத்தாள். பழைய பெட்டியின் அளவை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். வஜ்ஜிரப் பசை காய்ச்சி மூலைகளை ஒட்டி, சின்னச் சின்ன ஆணியாக அடித்து முடித்தபோது, பெட்டியை அவள் ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரை மாட்டிய பிறகும் தூக்க முடிந்தது.

பார்த்ததும் யாக்கோபுவுக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டில் மெதுவாக வாசித்துப் பார்த்தான்; நன்றாகத்தான் இருந்தது. பலராமனுக்குச் சொல்லியனுப்பினான். மணிமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, வரச் சொன்னார்.

அங்கேதான் மானம் போயிற்று. வீட்டில் மெதுவாக வாசித்தது வேறு, பந்தலில் எல்லா வாத்தியத்தோடும் உரக்க வாசிப்பது வேறு. முதல் பாட்டிலேயே பெட்டி 'கிர்ர்ர்' என்று அலற ஆரம்பித்தது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ, "தேனீக்கூடு கலைஞ்சிடுச்சா?" என்று கேட்க, ஒரு வரிசையே சிரித்தது. பலராமன் பாட்டை நிறுத்தாமலே நகர்ந்து வந்து, ஆம்ப்ளிஃபயரின் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுப் போனார். மிச்சக் கச்சேரி முழுக்க யாக்கோபு சத்தமில்லாமல் வாசித்தான். விரல் ஓடுகிறது, கால் தாளம் போடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாளுக்குக் கண்ணெல்லாம் கரித்தது.

"நான் அடிச்ச பொட்டியால உனுக்கு அசிங்கமாயிடுச்சி," என்றாள் திரும்பி வரும்போது.

"அசிங்கம்தான். ஆனா லூர்து, வாசிச்சேன் பாத்தியா? இடுப்பு ஒண்ணும் பண்ல," என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பழைய யாக்கோபு இருந்தான்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் அவனை முழுச் சத்தத்தில் வாசிக்கச் சொன்னாள். தெருவே எட்டிப் பார்த்தது. லூர்தம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளங்கையைப் பலகைமேல் வைத்து, ஜுரம் பார்க்கிற மாதிரி இடம் இடமாக நகர்த்தினாள். மூலைகள் சும்மா இருந்தன. பக்கப் பலகையின் நடுவயிறு மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி துடித்தது. பின்பலகையும் அப்படியே. துடித்த இடத்திலெல்லாம் கரிக்கட்டையால் பெருக்கல் குறி போட்டாள். "ஷெட்டுல பாரம் தாங்க மூலைக்கு மூலை சட்டம் அடிப்போம். நானும் அந்த நெனப்புலயே அடிச்சிட்டேன். இதுக்கு சட்டம் நடுவுல வேணும்யா," என்றாள்.

குறி போட்ட இடங்களில் உள்ளே மெல்லிய சட்டங்களைக் குறுக்கே ஒட்டினாள். ஒரு பலகைக்கும் எதிர்ப்பலகைக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தாள். கிழிந்த தலையணையின் இலவம்பஞ்சைத் துணியில் தைத்து உள்சுவரில் பதித்தாள். எடை கொஞ்சம்தான் கூடியது. இந்தத் தடவை யாக்கோபு திருகை முழுசாகத் திருப்பி வைத்து வாசித்தபோது அலமாரியில் டம்ளர்கள்தான் ஆடின, பெட்டி வாயைத் திறக்கவில்லை.

பெட்டி சரியானதும் கிட்டார் மக்கர் செய்தது. அதுவும் கனமான கட்டை. ஒரு மணி நேரம் தோளில் தொங்கினால் இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். பின்பக்கத்தைக் குடைந்துவிட்டு ப்ளைவுட்டால் மூடிவிடலாமே என்று லூர்தம்மாள் சொன்னபோது யாக்கோபு கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"பொட்டி நம்ம பொட்டி. இது சீமைச் சாமான்! போச்சுன்னா போச்சு."

"பரண்மேல கெடந்தா மட்டும் இன்னா வாழுது?"

ரெண்டு வாரம் யோசித்துவிட்டுக் கொடுத்தான். கம்பிகளைக் கழற்றி, ஒயர்களை ஒதுக்கி, அவள் உளியை வைத்த முதல் அடியை மட்டும் அவன் பார்க்கவில்லை, கிணற்றடிக்குப் போய்விட்டான். அவள் ஒயர் போகிற வழியையும் கம்பி இழுக்கிற நடுக்கட்டையையும் தொடாமல், ரெண்டு பக்கத்துச் சதையை மட்டும் குடைந்து எடுத்தாள். சிராய் ஒரு முறம் நிறைய வந்தது.

குடைந்து மூடி, கம்பி பூட்டி, தோளில் மாட்டிக் கையை விட்டான். கிட்டாரின் தலைப்பக்கம் சரேலென்று தரையைப் பார்த்துச் சாய்ந்தது. உடம்பு இளைத்துவிட்டது, கழுத்தும் தலையும் இளைக்கவில்லையே! இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசித்தால் விரல் எப்படி ஓடும்? "கெடுத்துட்டியே லூர்து," என்று முனகினான்.

அவள் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடுகிற கொடியில் கயிறு கட்டி, கிட்டாரைத் தொங்கவிட்டாள். கயிற்றை இப்படி மாற்றி, அப்படி மாற்றி, எங்கே கட்டினால் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தாள். வார் மாட்டுகிற இடம் கழுத்துப் பக்கமாக ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டியிருந்தது. அங்கே கட்டையே கிடையாது. அவள் கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு கொம்பு செதுக்கி, மேல்பக்கமாக நீட்டி ஒட்டி, ரெண்டு ஸ்க்ரூ முடுக்கி, அதன் நுனியில் வாரை மாட்டினாள். பார்க்க ஒற்றைக்கொம்பு மாடு மாதிரி இருந்தது. ஆனால் யாக்கோபு கையை விட்டபோது கிட்டார் அப்படியே நின்றது. கையைத் தட்டிக்கொண்டு திண்டாட்டமில்லாமல் வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து வந்தான்.

பலராமன் இந்தத் தடவை தாமாகவே வந்து, கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுவது என்று உட்கார்ந்தார். யாக்கோபு ஒரே ஒரு சரணம் வாசித்தான். பலராமன் எழுந்து பெட்டியைச் சுற்றி வந்து, தூக்கிப் பார்த்து, மறுபடியும் வைத்தார்.

"உள்ள ஸ்பீக்கர் கீதா, இல்ல வேற எங்கனா ஒளிச்சி வெச்சிக்கிறீங்களா?"

"நீங்களே பாத்துக்கங்கண்ணா," என்று பின்பலகையைக் கழற்றிக் காட்டினாள் லூர்தம்மாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை வடக்குப்பட்டு கோயில் திருவிழா. வந்துடு யாக்கோபு. ஒரகடத்துக்காரர் ரெண்டாவது கிட்டார் வாசிக்கட்டும், அவருக்கும் அதான் ஆசையாம்," என்றார் பலராமன்.

வடக்குப்பட்டுக்குப் போகும்போது பெட்டியைச் சும்மாடு கூட்டி லூர்தம்மாள்தான் தலையில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் லக்கேஜ் போட வந்து, ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "காலிப் பொட்டியாம்மா? சீட்டுக்கடியில தள்ளு," என்று போய்விட்டார். அன்று திருவிழாவில் யாக்கோபு வாசித்ததற்கு யாரும் தனியாகக் கைதட்டவில்லை. ஆனால் ஜனங்கள் உட்கார்ந்தபடியே முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்ததை லூர்தம்மாள் பார்த்தாள். அது அந்தத் தும்தும்முக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

பேச்சு பரவிவிட்டது. படப்பையிலிருந்து ஒரு குழு வந்தது, அப்புறம் காஞ்சிபுரத்திலிருந்து. எல்லாருக்கும் முதுகு வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. எண்பத்தொன்றில் அவள் ஷெட் வேலையை விட்டுவிட்டு, கொல்லையில் தகரக் கூரை போட்டுக்கொண்டாள். ஷெட்டில் இன்னும் சிராய் கூட்டிக்கொண்டிருந்த செங்கமலத்தையும் காந்திமதியையும் அழைத்து வந்து கையில் சுத்தியலைக் கொடுத்தாள். தேயிலைப் பலகை போதாமல் சென்னையிலிருந்து மெல்லிசு ப்ளைவுட் வரவழைத்தார்கள். ஒருமுறை டூரிங் டாக்கீஸ்காரர் ஒருவர் ஆள் உயரத்துக்குப் பெட்டி கேட்டு வந்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அது நம்ம வேலை இல்லை என்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். யாக்கோபு பெட்டி அடிக்கப் பழகவே இல்லை. முடிந்த பெட்டியை வாசித்துச் சோதிப்பது மட்டும் அவன் பொறுப்பு. சோதனை என்று சொல்லி அரைநாள் கச்சேரியே நடத்திவிடுவான். காந்திமதி வந்து ஒயரைப் பிடுங்கினால்தான் நிறுத்துவான்.

எண்பத்தைந்து டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு வேன் எடுத்துக்கொண்டு வந்து இறங்கியது. கிறிஸ்துமஸுக்குள் பெட்டி வேண்டுமாம், இப்போதே ஆரம்பித்தால் ஆகிவிடும் இல்லையா என்று அவர்களுடைய தலைவர் வாசலில் நின்றபடி மன்றாடினார்.

"ஞாயித்துக்கெழமை நான் ஆணி அடிக்க மாட்டேங்க. கிறிஸ்துமஸுக்கு எங்க வூட்டுக்காரருக்கே கச்சேரி கீது. பொங்கலுக்குத் தர்றேன்," என்றாள் லூர்தம்மாள். அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "மொதல்ல உள்ள வாங்க. அவ்ளோ தூரம் வந்துக்கிறீங்க. மீன் கொழம்பு வெச்சிக்கீறேன், சாப்ட்டுட்டுப் பேசலாம்," என்றாள்.

வேனிலிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். இத்தனை பேரை அவள் எதிர்பார்க்கவில்லை. யாக்கோபுவைக் கடைக்கு அனுப்பி முட்டை வாங்கி வரச் சொல்லிவிட்டு, இன்னொரு படி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.