அட்டைக்குப் பூசிய சாம்பல்

என் மனைவி மாலதி குளத்துச் சேற்றின் வயதை ஆராய்கிறவள். எங்கோ வெடித்த, காலம் தெரிந்த ஓர் எரிமலையின் சாம்பல் சேற்றில் ஒரு படலமாகக் கிடைத்தால், அதைக் கொண்டு அதற்குக் கீழுள்ள சேற்றின் வயதைச் சொல்லிவிடலாம். அந்தப் படலம் கிடைக்காமல் அவளுடைய ஆய்வு முடியாமலே கிடந்தது.

இலங்கை மலைநாட்டின் ஹுன்னஸ்கிரியவில் ஒரு குளத்தில் இரண்டு தடவையாகக் குழாய் இறக்கி எடுத்த சேற்றை, நாங்கள் தங்கியிருந்த செல்வி அக்காவின் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் வைத்துப் பிளந்தோம். நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மாலதி என் கையை இறுகப் பிடித்தாள். பத்திரிகைக்காரனான நான் மனதுக்குள் தலைப்பே எழுதிவிட்டேன்.

அவள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். தெரிந்தது விறகுக் கரித் துகள்.

"கெடைச்சிருச்சாம்மா?" என்றார் அக்கா.

"இது உங்க அடுப்புச் சாம்பல்க்கா. குழாயை மறுபடி இறக்கினப்ப என் களிசான் கால் மடிப்புல இருந்து விழுந்திருக்கு."

"ஐயையோ! அட்டை ஏறக்கூடாதுன்னு நான்தானே ஒங்க கால்ல பூசிவிட்டேன். ஒங்க வேலையக் கெடுத்துட்டேனே!"

மாலதி சேற்றுக் கையோடு அவரை அணைத்துக்கொண்டாள். "பூசலைன்னா அட்டை என்னையே குடிச்சிருக்கும். நாளைக்கு மறுபடி எடுப்போம், விடுங்க."

அன்று ஒருநாளாவது அவள் உருப்பெருக்கியை எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவே இல்லை. கூடவே வாழ்ந்தும், அவளை நான் சரியாகப் பார்த்தது அந்த வாசலில்தான்.