நீலச்சுனை மாளிகையின் கடைசிப் பக்கங்கள்

பன்னிரண்டு பக்கம். பிளேடு வைத்து, தையலை ஒட்டி, பிசிறில்லாமல் அறுத்து எடுத்திருக்கிறாய். நீ ஆணா பெண்ணா, சங்கரன்கோவிலா வெளியூரா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் நீ செய்தது திருட்டு. அதை நாலு பேர் படிக்கிற இடத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற தொழிலில் புத்தகம் பாதி, வாய் பாதி. “நல்ல மந்திரக் கதையாப் பாத்துத் தாங்க அண்ணாச்சி” என்று வருகிறவருக்கு, முகத்தைப் பார்த்தே எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். பிடித்துவிட்டால் புகழெல்லாம் எழுதினவருக்கு. பிடிக்காவிட்டால் வசவெல்லாம் நமக்கு. துணியோ மருந்தோ மாப்பிள்ளையோ, எதையாவது சிபாரிசு பண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்கி, அடி வாங்கி, பேரம் கற்றுக்கொண்டேன். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பழைய பேப்பர் எடுத்தேன். அப்போதெல்லாம் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையைப் பிரித்தெடுத்து, மொத்தமாகச் சேர்த்து, அட்டை போட்டு பைண்டு பண்ணி வைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருந்தது. வீடு மாறும்போதும், ஆள் போன பிறகும் அந்த பைண்டுகள் எடைக்கு வரும். அதில் மந்திரக் கதைகளை மட்டும் ஒதுக்கிச் சேர்த்து, எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு பெட்டிக்கடை அளவுக்கு இடம் பிடித்து உட்கார்ந்தேன். கோயிலில் புற்றுமண் எடுத்துப் பூசிக்கொண்டு வருகிற ஊர்; பாம்பும் சாபமும் மாயமும் இங்கே விலை போகாமல் இருக்குமா?

மந்திரவாதிக்கு ஒரு வக்கீல்

புளியங்குடி எலுமிச்சைத் தரகர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். வெயிலில் அலைந்து கறுத்த மனிதர். “எதுவானாலும் தாங்க, மந்திரவாதி பலமா இருக்கணும்” என்பதுதான் அவர் நிபந்தனை. நானும் பலமான மந்திரவாதியாகப் பார்த்து ஒரு பைண்டைக் கொடுத்தேன். குகைக்குள் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்து வித்தை கற்றவன். கடைசியில் ஒரு ராஜகுமாரன் வந்து அவன் தலையைச் சீவிவிடுவான்.

அடுத்த வாரம் புத்தகத்தைப் பலகைமேல் பொத்தென்று போட்டார். நான் சண்டைக்குத் தயாராகி வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. “அந்தப் பய இருவது வருசம் தொங்கிப் படிச்சிருக்கான் அண்ணாச்சி. அரமனைல தின்னுட்டுத் தூங்குனவன் ஒரே வெட்டுல காலி பண்ணிட்டுப் போறான். உழைக்கிறவன் கதி கதையிலயும் இதுதானா?”

பாயில் ஏறி வருகிறவன்

டூரிங் கொட்டகைக்கு மந்திரப் படம் வந்தாலும் ஜனங்கள் என்னிடம்தான் கேட்பார்கள். போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடுவேன்: இதில் பூதம் கிழிசல் சட்டை போட்டிருக்கிறது, போகாதீர்கள், அதில் பறக்கும் பாய்க்குக் கயிறு தெரியாது, தைரியமாகப் போங்கள்.

மைமூன் என்று ஒரு பெண். கடையநல்லூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். மாமியாரோடு வந்து புத்தகம் எடுப்பாள். புருஷன் துபாயில். பறக்கும் பாய் வருகிற படத்துக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். ஊரே கை தட்டின படம். மறுநாள் வந்தவளிடம், “எப்படி, நான் சொன்னது சரியா இருந்துச்சா?” என்று பெருமையாகக் கேட்டேன். மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மைமூன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். “இனிமே பாய் பறக்குற படம் மட்டும் சொல்லாதிய அண்ணாச்சி. அவன் ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள வந்து சேந்துடுதான். எங்க வீட்டுல உள்ளவிய போயி மூணு வருசமாச்சு.”

பலகையில் எழுதியது

என் கோபம் ஊருக்கே தெரியும். ஒரு மழைக்காலத்தில் நாலைந்து பைண்டுகள் அடுத்தடுத்துக் கிழிந்து வந்தன. கேட்டால் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் எடுத்தவரைக் கை காட்டினார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகை எழுதி மாட்டினேன்: ‘கிழிந்து வந்தால் கடைசியாக எடுத்தவரே பொறுப்பு. அபராதம் உண்டு. பேச்சுவார்த்தை கிடையாது.’ அடுத்தவனிடம் மணிக்கணக்கில் பேரம் பேசுகிற நான், என்னிடம் யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

பலன் உடனே தெரிந்தது. கிழிசல் புகார் ஒன்றுகூட வரவில்லை. எல்லாரும் ஒழுங்காகிவிட்டார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கரிவலம்வந்தநல்லூர் பஸ் கண்டக்டர் ஒருத்தர் மட்டும் அந்தப் பலகையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏன்வே, நாங்க புத்தகம் எடுக்க வாரோமா, ஜாமீன் எடுக்க வாரோமா?”

ராட்டைக்குப் பக்கத்தில் ஒரு குரல்

சண்முகவேல் தறிக்காரர். நெஞ்சு நோய் முற்றி, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் “வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தறியில் உட்கார முடியாது. சம்சாரம் பேச்சியம்மாள் ராட்டையில் நூல் சுற்ற, இவர் பக்கத்தில் சாய்ந்துகொண்டு அவளுக்குக் கதை வாசிப்பார். அவளுக்கு எழுத்து தெரியாது. புத்தகம் எடுக்க வருவதும் அவள்தான். “நல்ல நீளமான கதையா இருக்கட்டும் அண்ணாச்சி” என்றாள். நான் ‘நீலச்சுனை மாளிகை’யைக் கொடுத்தேன். “முடிவு பிரமாதம், அழுதுடுவிய” என்றும் சொன்னேன்.

நிழலைப் பறிகொடுத்த ஒரு ராஜகுமாரனின் கதை அது. ஒரு சூனியக்காரி அவன் நிழலைப் பிடித்து, மாளிகைக்குள் இருக்கிற சுனையில் பூட்டிவிடுவாள். நிழல் கரையக் கரைய அவன் உடம்பு கல்லாகிக்கொண்டே வரும். இடுப்புவரை கல்லான நிலையில் தவழ்ந்து வந்து சுனைக்குள் கையை விடுவான். உள்ளே இருந்து இன்னொரு கை வந்து அவன் கையைப் பிடிக்கும். அந்த வரியோடு பக்கம் முடியும். அடுத்த பக்கம் பின் அட்டை.

பேச்சியம்மாள் வேகாத வெயிலில் ஓடி வந்தாள். “கடைசித் தாள்களைக் காணோம் அண்ணாச்சி. எங்க வீட்டுல கிழியல. முடிவ மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாவ.” கடையில் அப்போது அஞ்சாறு பேர் நின்றார்கள். எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ! “இத்தன பேரு எடுத்துட்டுப் போனானுவ, ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. உங்க வீட்டுக்கு வந்ததும் பக்கம் றெக்க முளச்சுப் பறந்துட்டாக்கும்? பலகையப் படிக்கத் தெரியாட்டா படிச்சவன்ட்ட கேக்கணும்” என்று கத்தினேன். நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். “அபராதம் தாரேன் அண்ணாச்சி. மொதல்ல முடிவச் சொல்லுங்க, அவிய காத்துக்கிட்டு இருக்காவ.”

மூன்று பேர், மூன்று முடிவு

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அந்தக் கதையைப் படித்ததில்லை. என் கடையில் இருந்த முக்கால்வாசிப் புத்தகங்களை நான் படித்ததே கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும்; இதைக்கூட நான் சொல்லச் சொல்ல இன்னொருவர்தான் எழுதுகிறார். திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பேன்; அவர் சொன்னதை அடுத்தவரிடம் என் கருத்தாகச் சொல்வேன். என் சிபாரிசின் ரகசியம் அவ்வளவுதான்.

ஆகவே பேச்சியம்மாளை அனுப்பிவிட்டு, முன்பு அதை எடுத்துப்போனவர்களைத் தேடிப் போனேன். எலுமிச்சைத் தரகர், சூனியக்காரி ஜெயித்துவிட்டாள் என்றார். பஸ் கண்டக்டர், ராஜகுமாரனுக்கு நிழலும் கிடைத்தது, கல்யாணமும் முடிந்தது என்றார். மைமூன் வீட்டு வாசலில் நின்று மூன்றாவதாகக் கேட்டேன். அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “நான் எடுத்தப்பவே அந்தப் பக்கங்க இல்ல அண்ணாச்சி. சொன்னா எங்க தலையில கட்டிருவியன்னு வாய மூடிட்டு வச்சுட்டோம்.”

மறுபடியும் கண்டக்டரிடம் ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சட்டையைப் பிடிக்காத குறை. அவர் எடுத்தபோதும் இல்லை. தரகர் எடுத்தபோதும் இல்லை. எத்தனை பேர் கைமாறினதோ, அத்தனை பேரும் முடிவில்லாத கதையைத் திருப்பிக் கொடுத்து, என் பலகைக்குப் பயந்து, “முடிவு பிரமாதம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத்தான் நான் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் பேச்சியம்மாள். அவளைத்தான் நாலு பேர் முன்னால் வைதேன். “என்னமும் தெரியாத மாதிரி நிக்கீரே!” என்றேன் கண்டக்டரிடம். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “முடிவு நல்லா இருந்துச்சான்னு நீரு கண்ண உருட்டிக் கேட்டீரு, நல்லா இருந்துச்சுன்னேன். வேற என்னவே சொல்லச் சொல்லுதீரு?”

பேரம் படியாத இடம்

வேறு பிரதி தேடாத இடமில்லை. அந்தக் கதை புத்தகமாக வந்ததே இல்லை. பத்திரிகையும் நின்றுபோயிருந்தது, பழைய விலாசத்துக்குப் போட்ட கடிதம் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. ராயகிரியில் அந்த பைண்டை எனக்கு எடைக்குப் போட்ட வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து சண்முகவேல் வீட்டுக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக முடிவைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஜோடித்துக்கொண்டு போயிருந்தேன். சுனைக்குள் இருந்து வந்தது அவன் நிழலின் கைதான் என்றேன். நிழல் சூனியக்காரியிடம் வாதாடிப் பாதி உயிரைத் திருப்பி வாங்கியது என்றேன். மீதிப் பாதிக்கு அவன் வருஷத்தில் ஆறு மாதம் கல்லாக நிற்பதென்று ஏற்பாடு, மற்ற ஆறு மாதம் சந்தோஷமாக வாழ்ந்தான் என்றேன். பேச்சியம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இருமி, மூச்சு அடங்கக் காத்திருந்து, சிரித்தார். “அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எழுதுனவன் முடிச்ச முடிவு இல்ல. மண்டில பேசி முடிச்ச மாதிரில்லா இருக்கு.”

பிறகு அவர் அதிக நாள் இல்லை. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். ராட்டை ஓரமாகக் கிடந்தது. பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்களை விலக்கிக்கொண்டு வந்தாள். “ரெண்டு நாளா அந்தச் சுனையில இருந்து வந்தது யாரு கையின்னுதான் எங்கிட்ட கேட்டுட்டே இருந்தாவ. எனக்குச் சொல்லத் தெரியல. கெடச்சா சொல்லுங்க அண்ணாச்சி, நானாவது தெரிஞ்சுக்கிடுதேன்.”

இனி உன்னிடம்

பலகையை அன்றைக்கே கழற்றி அடுப்பில் வைத்தேன். இப்போது ஊரில் வீடியோ டெக் வாடகைக்குக் கிடைக்கிறது. என் கடையில் தூசிதான் அதிகம். ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற பேச்சியம்மாள் என் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். கேட்கமாட்டாள். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவாள். ஒரு தடவையாவது என்னைத் திட்டிவிட்டுப் போனால் தேவலை.

அதனால் கேட்கிறேன், அறுத்த ஆளே. அந்தப் பக்கத்தில் இருந்த படம் பிடித்திருந்ததா, முடிவு பிடித்திருந்ததா, எதற்காக எடுத்தாய் என்று கேட்கமாட்டேன். அபராதம் கிடையாது, பெயரும் வேண்டாம். பன்னிரண்டு பக்கத்தையும் கவரில் போட்டுக் கடைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போ. எரித்துவிட்டாயா, படித்தாயல்லவா? அந்தக் கை யாருடையது என்று ஒரு கார்டில் ஒரே வரி எழுது. என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் நேரே அவளிடம் போய்ச் சொல். அவள் ஊருக்குத் தெரிந்தவள்தான்.

எதையும் பாதி விலைக்குக் கேட்டே பழகிய நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் கேட்கிறேன், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வந்து சேர்.