நாற்பத்து மூன்று ஒற்றை ரூபாய்

முனியம்மாவின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ஸ்டோர் கிளார்க், பெயர் திருவேங்கடம், சொந்த ஊர் அயனம்பாக்கம். முனியம்மா பேக்கிங் செக்‌ஷன். எனக்குத் தங்கை வயது, நூம்பல்காரி. அவளுடைய அம்மா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. பதினொரு வருடம் காண்ட்ராக்ட் கூலியாக இருந்து, கேஸ் போட்டு பர்மனென்ட் ஆனவள். ஆன பிறகாவது சும்மா இருந்தாளா? நைட் ஷிப்ட் காண்ட்ராக்ட் பெண்கள் வீடு திரும்ப பஸ் வேண்டுமென்று மேனேஜர் அறை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தாள். வாய் அதிகம். நானே அந்த வாய்க்குப் பயந்து ஸ்டோருக்குள் ஒளிந்ததுண்டு.

போன வருடம் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. சங்கத்தில் இரண்டு அணி. தலைவர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று எங்கள் அணிக்குள் முதலில் ஓட்டெடுப்பு நடக்கும். அதில் ஜெயிக்கிறவர்தான் அடுத்த மாதம் எதிரணியோடு மோதலாம். இந்த முறை எங்களில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் மெஷின் ஷாப் எத்திராஜ், பழம் தின்று கொட்டை போட்டவர். இன்னொருத்தி முனியம்மா. காண்ட்ராக்ட் பெண்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்ட ஒரே விஷயம். முதல் வாரம் கேன்டீனில் எங்கே பார்த்தாலும் அவள் பேச்சுதான். எத்திராஜின் மேஜையில் டீ மட்டும்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது. பேங்க் கடனில் கட்டிய இரண்டு அறை, ஒரு சமையலறை. மொய் எழுத என்னைத்தான் கூப்பிட்டாள். எங்கள் ஆட்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் நான்தான் எழுதுவேன். கையெழுத்து அப்படி. பெரிய தொகை வந்தால் மைக்கில் வாசிப்பதும் என் வழக்கம்.

பத்து மணி வாக்கில் கஜபதி வந்தான். லேபர் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அவன். ஒரு மஞ்சப் பையை நீட்டி, "எழ்திக்கோ நைனா" என்றான். எண்ணினால் இருபத்தோராயிரத்து ஐநூற்று நாற்பத்து மூன்று.

"இன்னாப்பா, சில்லறையெல்லாம் கொட்டிகினு வந்துக்கீறே?"

பதிலுக்குச் சிரித்தான். மொய் எழுதுகிறவனுக்கு நீட்டிய கைதான் கணக்கு. பின்னால் வரிசை நின்றது. பந்தியில் வடை தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேறு. கஜபதி என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? மைக்கிலும் வாசித்தேன்.

திங்கட்கிழமை கம்பெனியே கொதித்தது. காண்ட்ராக்டர் அவளை வாங்கிவிட்டான், அந்தக் காசில்தான் வீடே கட்டினாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவளோடு சாப்பிட்டவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள்.

ஸ்டோருக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. "அண்ணாத்தே, கஜபதியை நேரா கேட்டுட்டேன். 'வெச்சிக்கோக்கா, நம்மளுக்குள்ள இன்னா'ன்னு இளிக்கிறான். திருப்பிக் குடுத்துடவா?"

"மொய்ய யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களாம்மா? அவன் ஊட்டு விசேஷத்துல செஞ்சிடு" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. இது என் இரண்டாவது முட்டாள்தனம். பையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அவள் பக்கம் இருந்தவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

ஓட்டெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கக் கட்டடத்தில். எங்கள் அணியில் நூற்று முப்பத்தேழு பேர். எத்திராஜ் மைக்கைப் பிடித்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இருபதாயிரத்துக்கு மேல மொய் வெக்க அந்த கஜபதி இவுங்களுக்கு மாமனா மச்சானா?" கைதட்டல் பலமாக விழுந்தது.

முனியம்மா எழுந்தாள். கையில் அந்த மஞ்சப் பையும் மொய் நோட்டும். "எனுக்கு இந்தக் காசு வாணாம். நான் நிக்கவும் இல்ல. ஆனா திருடின்ற பேரோட ஊட்டுக்குப் போவ மாட்டேன். அண்ணாத்தே, எல்லாரு முன்னாடியும் எண்ணு. எண்ணி அந்தக் கஜபதி கையில குட்துடு." குரல் உடைந்துவிட்டது.

நோட்டுகளை எண்ணி வைத்தேன். அடியில் நாணயங்கள். எல்லாம் ஒற்றை ரூபாய், நாற்பத்து மூன்று. மூன்றாவது தடவை எண்ணும்போது எனக்கு வேர்த்துவிட்டது. முப்பது வருடமாக மொய் எழுதுகிறேன். ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்றுதான் வைப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு ரூபாய்தான் கூடுதல். நாற்பத்து மூன்று ரூபாய் சேர்த்து வைக்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்?

"முனியம்மா, நைட் ஷிப்ட்டு காண்ட்ராக்ட்டுல எத்தினி பொம்பளைங்க?"

"நாப்பத்தி மூணு" என்றாள் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஷிப்ட்டின் ஹேமாவதிக்கு போன் போட்டு ஸ்பீக்கரை மைக்கிடம் வைத்தேன். பகல் ஷிப்ட்டின் வம்பு எதுவும் அந்தப் பெண் காதுக்கு எட்டியிருக்கவில்லை; மொய் விஷயம் என்றதும் படபடவென்று பிடித்துக்கொண்டாள். "ஆமாண்ணா, அன்னிக்கி எங்களுக்கு ஓவர்டைமு, வர முடில. ஆளுக்கு ஐநூத்தியொண்ணு போட்டு, பேரு லிஸ்ட்டும் வெச்சி கஜபதி கையில குட்தனுப்சோம். ஏன்? எங்க பேரு எழ்தலியா?"

முனியம்மாவைக் கெடுக்கத்தான் கஜபதி லிஸ்ட்டை மறைத்துத் தன் பெயரில் எழுத வைத்திருக்கிறான். "எழ்தலம்மா" என்றேன். "என் தப்புதான். இப்ப எழ்தறேன், ஒவ்வொண்ணா சொல்லு."

எத்திராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். "மொதல்ல ஓட்டு முடிச்சிக்கலாமே."

"இரு எத்திராஜண்ணே. மொதல்ல அவுங்க பேரு" என்றாள் முனியம்மா. பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

நாற்பத்து மூன்று பேரையும் எழுதி, ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்தேன். கஜபதி பெயரை அடித்துவிட்டுக் கூட்டினேன். ஒரு ரூபாய் பிசகவில்லை.

"அப்போ கஜபதி இன்னாதான் வெச்சான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"சைபர். ரெண்டு பந்தி துன்னுட்டுப் போனான்" என்றேன் மைக்கில். சிரிப்பில் கூரைத் தகடு அதிர்ந்தது.

"இப்ப சொல்லு, நிக்கிறியா?" என்று கேட்டேன்.

"நிக்காம? நாப்பத்தி மூணு பேரு மொய் வெச்சிக்கீறாங்கோ!"

தொண்ணூற்றெட்டு ஓட்டு அவளுக்கு, முப்பத்தொன்பது எத்திராஜுக்கு. முதலில் வந்து மாலை போட்டவர் அதே எத்திராஜ்தான். அடுத்த மாதம் எதிரணியையும் ஜெயித்துத் தலைவர் ஆனாள்.

பதவிக்கு வந்து போட்ட முதல் தீர்மானத்தில் காண்ட்ராக்ட் பெண்கள் சங்க உறுப்பினர் ஆனார்கள். உறுப்பினர் நோட்டையும் என்னிடமே கொடுத்தாள், இவ்வளவுக்குப் பிறகும். அன்றைக்கு யார் கையிலும் யாரும் எதையும் கொடுத்தனுப்பவில்லை. நாற்பத்து மூன்று பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்து, பெயர் கேட்டு, எழுதினேன்.