இடது பக்கத்து ஜோம்பி

என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். உண்மைதான், பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுகிறவள் நான். எனக்கு வாய்த்தவரோ ஜோம்பி கேம் பைத்தியம். மலைமேல் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர், பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பழைய கேம் மெஷினை வாங்கி வைத்திருந்தார். சவாரி இல்லாத மழை நாட்களில் ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, செத்தும் சாகாத பிணங்களைச் சுடுவோம். நான் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டுதான் ஆடுவேன். கட்டிலுக்கடியில் முறமும் பழைய செருப்பும்தான் கிடக்கின்றன என்று எனக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்லாத எடத்துல சுட்டு குண்ட வேஸ்ட் பண்ற. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கேலி செய்வார். பாதி நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவேன்.

அப்போதுதான் புது ஜோம்பி கேம் ஒன்று வரப்போவதாக டிரெய்லர் வந்தது. அதைத் தனியாக ஆடவே முடியாதாம். இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவர் ஓடி வந்து தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. போனில் இறக்கிக்கொண்டு வந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். பாழடைந்த ஒரு ஆஸ்பத்திரி. நீள வராண்டா. இடது பக்கத்துக் கதவு மெல்லத் திறந்து ஒரு கை நீளும். நான் வீல் என்று கத்திவிட்டேன்.

"இன்னாத்துக்குக் கத்தற?"

"கதவுலேந்து கை வருதே, தெரீல?"

"எங்க?"

திரும்பப் போட்டுக் காட்டினேன். தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஆமா" என்றார். எதற்கும் பயப்படாத ஆள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த சண்டை, சிடியா டவுன்லோடா என்று. அவர் எப்போதும் சிடி கட்சி. "காசு குடுத்தா கையில ஒரு பொருள் இருக்கணும். ஆடி முடிச்சா இன்னொருத்தனுக்குக் குடுக்கலாம். டவுன்லோடு பண்றது வாடகை வூடு மாதிரி, அவன் காலி பண்ணுன்னா பண்ணணும்" என்பார். இந்தத் தடவை திடீரென்று கட்சி மாறினார். டவுன்லோடே போதுமாம். எங்கள் வீட்டில் சிக்னலே கிடையாது, போன் பேசவே தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும்.

"அது எறங்கி முடியறதுக்குள்ள நாமளே ஜோம்பி ஆயிடுவோம்" என்றேன்.

"சிடின்னா கீழ கடைக்குப் போயி சொல்லி வெக்கணும். யாரு போறது?"

மலை இறங்கி ஏறுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? யோசித்தால், கொஞ்ச நாளாகவே திருப்பத்தூர் சவாரியை இன்னொரு டிரைவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மேலேயே ஊர் விட்டு ஊர் ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி என்றார். சோம்பேறித்தனம் என்று நான் முடிவு கட்டினேன். விடாமல் நச்சரித்தேன். வாய்ச்சண்டையில் என்னை ஜெயிக்க அவரால் ஆகாது.

ஒருநாள் காலையில் புறப்பட்டோம். ஜீப் நிறையச் சனம், காலடியில் பலாப்பழம். நான் முன்னால், அவருக்கு இடப்பக்கம். ஒரு வளைவு தாண்டியதும் கொஞ்ச தூரம் நேர்ச்சாலை. விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். இவர் ஹாரன் அடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஒதுங்குவார் என்று பார்த்தேன். ஜீப் அந்த அம்மாள்மேலேயே போனது.

"ஏங்க, ஆளு" என்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். ஜீப் துள்ளி நின்றது. விறகுக் கட்டு உரசிக் கீழே விழுந்தது, நல்லவேளை, அவ்வளவுதான்.

"கண்ணு பொட்டையாடா ஒனக்கு?" என்று அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றினார்.

இவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்கேந்து வந்தா?" என்றார்.

அந்த அம்மா எங்கிருந்தும் வரவில்லை. வெகுநேரமாக எங்கள் முன்னால்தான் நடந்துகொண்டிருந்தார். இத்தனை நாளும் நான் ஒன்றுமில்லாத இடத்தில் சுடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அங்கே ஜோம்பி இருந்தது. இவருக்குத் தெரியவில்லை.

"எத்தினி நாளா இப்படி?"

"கீழ போயி பேசிக்கலாம். எடது பக்கம் நீ சொல்லிக்கினே வா."

சொன்னேன். கல்லு. பைக்கு. நாயி. ரெண்டு பேரு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அடி தெரியாத பள்ளம். "ஓட்றது அண்ணனா, அண்ணியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடிவிடுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் நாளை எங்கள் ஜீப்பில் யார் ஏறுவார்கள்? நான் வாயைத் திறந்தது கல்லுக்கும் நாய்க்கும்தான். எந்த ஜோம்பிக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

திருப்பத்தூரில் இறங்கியதும் நேராகக் கேம் கடைக்குத்தான் போனார். கடைக்காரர் சொன்னார்: "இப்பல்லாம் டப்பாவுக்குள்ள சிடி வராதுங்க. ஒரு அட்டையில கோடு நம்பர் இருக்கும், அதப் போட்டு நீங்கதான் டவுன்லோடு பண்ணிக்கணும்." இதற்கா அத்தனை நாள் கட்டிப் புரண்டோம்? அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, இடது ஓரத்திலிருந்து விரலைக் கொண்டுவந்தார். விரல் மூக்குக்கு நேரே வருகிறவரை இவர் "தெரீல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் அழுத்தம், இடது கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, வலதிலும் மூக்குப் பக்கம் மறைய ஆரம்பித்திருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வெவசாயங்க" என்றார் இவர்.

பொய்யும் இல்லை, கொஞ்சம் சாமை போடுகிறோம். டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். அந்த ஜீப்தான் எங்களுக்குச் சோறு. பேசாமல் இருந்தால் நாளைக்கும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கல்லு, நாய் என்று சொல்லிக்கொண்டு போகலாம். நான் ஒருநாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டால்?

"ஜீப் ஓட்றாருங்க மேடம்" என்றேன். "மலையில. ஆளுங்கள ஏத்திக்கினு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே ஓட்டக் கூடாது. இன்னைக்கே கூடாது."

இவர் என்னைத் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். காலையில் எங்களோடு இறங்கி வந்த சனமெல்லாம் ஊர் திரும்ப அந்நேரம் ஸ்டாண்டில் எங்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

"அவுங்க கிட்ட நீயே சொல்லிடு" என்றார்.