காசித்தும்பைக்கு ஊற்றிய தண்ணீர்

என்னைச் சோம்பேறி என்று சொன்னவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதிலும் பெற்ற அம்மாவே, வந்தவர்கள் முன்னால் வைத்துச் சொன்னதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். சித்தப்பாவுக்குத் தாராபுரம் பக்கம் ஒரு பெண் பேசியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து தட்டிப் போயிருந்தது. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. இதுவும் போய்விட்டால் அவ்வளவுதான் என்று வீடே பயந்துகொண்டிருந்தது. ஆடி கழிந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகப் பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். வாசலில் பூச்செடி நின்றால் நன்றாக இருக்கும் என்று அப்பா சொல்ல, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் என்ன, ஏனோதானோவென்றா செய்தேன்? பள்ளிக்கூடத்துச் செடியில் முற்றிய காசித்தும்பைக் காய்களைத் தொட்டு வெடிக்கவைத்து, விதைகளைப் பாவாடையில் ஏந்தி வந்தேன். சித்தப்பா பனியன் கம்பெனியிலிருந்து நூல் தீர்ந்த காகிதக் கோன்களைக் கொண்டுவந்து தந்தார். அவற்றை மணலில் செருகி, மண் நிரப்பி, கோனுக்கு இரண்டு விதை போட்டேன். ஆடித் தூறலில் நாற்று தளதளவென்று வந்தது. வாசலுக்கு இரண்டு பக்கமும் பாத்தி பிடித்து வரிசையாக நட்டேன். மொட்டுக்கூட வைத்துவிட்டது.

பிறகு தூறல் நின்றது. காலையும் மாலையும் கிணற்றில் இறைத்து இடுப்பொடிய நான்தான் ஊற்றினேன். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. பாத்தி மண்ணில் கோலமாவு சிந்தினாற்போல வெள்ளை படிந்தது. தண்ணீர் பத்தவில்லை என்றார் அப்பா. இன்னும் இரண்டு குடம் கூட ஊற்றினேன். மொட்டெல்லாம் உதிர்ந்தது. ஒருநாள் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டதற்கு அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அந்தத் தண்ணீரை அப்பா நான்கு மைல் சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்துகொண்டிருந்தார். ஏன் அவ்வளவு தூரம் போகிறார் என்று நான் கேட்டதில்லை. தோட்டத்துக்குப் பின்னால் ஓடையில் சாயத்தண்ணீர் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் போகும். நாளைக்கு என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவதோடு சரி.

ஆவணியில் பெண் வீட்டார் வந்தார்கள். காட்டில் மழைக்கு விதைத்த சோளம் பச்சையாக நின்றதைப் பார்த்து அவர்களுக்குத் திருப்திதான். காப்பி குடித்துவிட்டுப் பெண்ணின் தாய்மாமன் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, பூச்செடி இப்படிக் கருகிக் கெடக்குதுங்க?"

"எல்லாம் இவளாலதானுங்க," என்றாள் அம்மா. "தண்ணி ஊத்தச் சொன்னா வெளையாட ஓடீருவா. சுத்தச் சோம்பேறிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அட, அநியாயமே!

"பொய்யுங்க! ரெண்டு நேரமும் ஊத்துனனுங்க. நம்ம கெணத்துத் தண்ணியத்தான் ஊத்துனேன். குடிக்கற தண்ணி நாலு மைல்ல இருந்து வருதுன்னு அதைய அம்மா தொடவே உடலீங்க!"

சிரிப்பு நின்றது. "கண்ணு, உள்ள போ," என்றார் அப்பா. நானா போவேன்? ஓடிப்போய்க் கிணற்றில் ஒரு செம்பு இறைத்து வந்து சாட்சியாக நீட்டினேன். தாய்மாமன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார். திரும்பி நின்று துப்பினார். துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"சரிங்க, ஊருக்குப் போயித் தகவல் சொல்லி உடறமுங்க."

தகவல் வரவே இல்லை. அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு வேறு இடமும் அமையவில்லை.

சாயத்தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டுப்போனது அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒன்பது வயதுப் பிள்ளையின் மேல் பழியைப் போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஓடையில் சாயத்தை விட்டவன் எவனையும் யாரும் சோம்பேறி என்றுகூடச் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வந்தவர்கள் போனதும், புதுச்சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் ஓடினேன்.

"நான் சோம்பேறி இல்லதானுங்க சித்தப்பா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"இல்ல கண்ணு. நீ ஒழுங்காத்தான் ஊத்துன."

அந்த வீட்டிலேயே எனக்கு நியாயம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அது போதும் என்று நான் விளையாடப் போய்விட்டேன்.