பெண் பார்க்க வருமுன் கூட்டிய தெரு

எதிர்வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்த கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பிள்ளையப் பாக்க வாராக. அதுக்குள்ள இந்தத் தெருவை ஏதாவது செய்யணும்."

அவர் மகளை அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு முறையும் கொண்டுவந்த பூ அப்படியே திரும்பிப் போனது. இரண்டாவதாக வந்தவர்கள் பெண்ணை ஒரு குறையும் சொல்லவில்லை. தெருவுக்குள் நுழைந்ததுமே வயிற்றைப் புரட்டியதாகத் தரகரிடம் சொல்லியிருந்தார்கள்.

பொய்யில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடைகளில் காகிதப் பொட்டலம் குறைந்து பாலித்தீன் பை வந்திருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெரு சற்றுப் பள்ளமானது. மேலத்தெருக்களில் வீசிய பைகளும் கழிவுப் பஞ்சும் எங்கள் வாய்க்காலில் வந்து அடைத்து, ஐப்பசி மழைத் தண்ணீரைக் கறுப்பாகத் தேக்கி வைத்திருந்தன.

நான் ஆபீஸ் வேலைக்காரன். எதையும் வரிசைப்படுத்திச் செய்பவன் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. அன்றிரவே திட்டம் போட்டேன். ஞாயிறு விடியலில் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும். தெருவின் கடைசியிலிருந்து முச்சந்தி வரை வரிசையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் சேர்க்க வேண்டும். வாய்க்காலை ஆண்கள் வாருவது. வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பழசையும் அன்றைக்கே வெளியே போட்டுவிடலாம். சோழபுரத்தில் உரக்குழிக்குக் குப்பை எடுக்கிற ஒருவரிடம் டிராக்டர் பேசி வைத்தேன். தெருவுக்குள் டிராக்டர் திரும்பாது. குப்பையை முச்சந்தியில்தான் குவிக்க வேண்டும். முச்சந்தியில் முதல் வீடு பிட்டருடையது.

"என் வாசல்லயா சார்?" என்றார்.

"எட்டு மணிக்கெல்லாம் டிராக்டர் வந்துரும். அவிய பத்து மணிக்குத்தான வாராக."

அவர் தலையாட்டினார். முகம் தெளியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் எதிர்பார்த்ததில் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பால் வாங்கிக்கொண்டு போன அடுத்த தெரு ஆள் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "என்னலே, எல்லாருக்கும் ஒரே நாள்ல முனிசிபாலிட்டி வேலை கிடைச்சிருச்சா?" என்றான்.

"ஆமாலே, உனக்கும் ஒரு கூடை இருக்கு, இறங்கு" என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி. அவன் இறங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் எங்கள் ஆட்களுக்குக் கூச்சம் விட்டுப்போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்கள். வார வார வந்துகொண்டே இருந்தது: பை, பஞ்சு, அறுந்த செருப்பு, சைக்கிள் டயர். கொல்லைகளிலிருந்து கிழிந்த பாயும் உடைந்த பிளாஸ்டிக் வாளியும் வந்தன. அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து கட்டிய சாக்கு ஒன்றை இழுத்து வந்து குவியலின் அடியில் தள்ளினார். என்ன என்று நான் கேட்கவில்லை.

எட்டு மணிக்குத் தெரு பளிச்சென்று இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். முச்சந்தியில் மட்டும், பிட்டர் வீட்டு வாசலை ஒட்டி, ஆள் உயரத்துக்குக் குப்பை.

டிராக்டர் வரவில்லை.

எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. சோழபுரத்துக்கு ஓர் ஆளை சைக்கிளில் அனுப்பினேன்; ஒன்பதரை தாண்டியும் அவன் திரும்பவில்லை. பிட்டர் குளித்து வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெரு முழுக்கச் சிதறிக் கிடந்த நாற்றத்தை நான்தான் வாரிக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்தது போலாயிற்று.

"எரிச்சிருவோம் சார்."

"பாலித்தீன் எரிஞ்சா நாத்தம் இன்னும் மோசமா இருக்கும். செத்த நேரம் பொறுங்க."

"இனி என்னத்தப் பொறுக்க? இதுவும் போச்சுன்னா எம் பிள்ளை இனி எவன் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்னு சொல்லிருச்சு."

வீட்டுக்குள் ஓடினார். மண்ணெண்ணெய்க் கேனோடு திரும்பினார். நான் கையைப் பிடிப்பதற்குள் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டார். பஞ்சு குப்பென்று பிடித்தது. அதைப் பார்த்து அண்ணாச்சி கடையிலிருந்து ஓடி வந்தார்.

"யோவ், தீயா வச்ச? அடியில என் வத்தச் சாக்கு கிடக்குய்யா!"

மழையில் பூஞ்சணம் பூத்துப்போன மிளகாய் வற்றல். அதுதான் அந்தச் சாக்கு. அவர் சொல்லி முடிப்பதற்குள் நெடி கிளம்பிவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்ற ஊற்றப் புகைதான் கூடியது. வீட்டுக்கு வீடு இருமல். தொட்டில் பிள்ளைகள் வீறிட்டன. சரியாக அந்த நேரத்தில், முகத்தில் துண்டும் முந்தானையுமாக நாலைந்து பேர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து வந்து முச்சந்தியில் திகைத்து நின்றார்கள். முன்னால் நின்றவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. அவர் கையில் மஞ்சள் துணிப்பை. பையின் வாயில் மல்லிகைப் பொதியின் வாழையிலை நீட்டிக்கொண்டிருந்தது.

பிட்டர் ஈர வேட்டியோடு கையைக் கூப்பினார். அவர் மனைவி வந்து அவர்களை உள்ளே அழைத்துப் போனாள்.

பிட்டர் பின்வாசல் வழியாகப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தார். நாங்கள் தெருவில் நின்றோம். உள்ளே இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பெண் காப்பித் தட்டோடு வந்தபோது அவளுக்கும் கண்ணில் நீர் வழிந்ததாம், பார்க்க வந்தவர்களுக்கும் வழிந்ததாம். உள்ளே ஒத்தாசைக்குப் போயிருந்த என் மனைவி பிறகு சொன்னாள்.

அண்ணாச்சி என் காதில், "நான் கடையை அடைச்சிட்டு எங்கயாவது போயிரட்டா சார்?" என்றார்.

"நில்லுங்க" என்றேன். போவதானால் நானும்தான் போயிருக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்து அவர்கள் வெளியே வந்தார்கள். என் கண் நேரே துணிப்பைக்குப் போனது. வாழையிலை பையில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியும் பார்த்துவிட்டார், தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது முறை.

பெரியம்மா அணைந்த குவியலருகே வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வத்தலைப் போட்டது?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். கடைசியில் அண்ணாச்சி கையை லேசாகத் தூக்கினார்.

"எங்க வீட்டுல திருஷ்டி சுத்தி நாலு வத்தலப் போட்டாலும் கமறவே கமறாது, அம்புட்டுக் கண்ணு. இங்க சாக்கோட போட்டு ஊரே இருமுது. இந்தப் பிள்ளை மேல ஒரு கண்ணும் இல்ல போங்க."

எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகிறபோக்கில் மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போகிற பேச்சு என்றே நினைத்தேன்.

அவர் பையிலிருந்து வாழையிலையை எடுத்தார். வெறும் இலை, நாரும் ஈரமும் மட்டும் ஒட்டியிருந்தன. தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"பூ இருந்த இலை, குப்பையில போடக்கூடாது. இதை எங்கய்யா போட? கூட்டிப் பெருக்கி வச்சிருக்கிற எடத்துல போட மனசு வரல."

நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வாசலில் பிட்டரின் மகள் நின்றாள். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. தலையில் அந்த மல்லிகை இருந்தது.